வயிறு, கால், மறதி: மூன்றுக்கும் ஒரே வேர் இருக்கலாம்

மாட்டுங்காவில் முப்பது வருடமாக மருத்துவம் பார்க்கிறேன். ஐம்பதைத் தாண்டிய நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வயிறு மந்தமா இருக்கு என்று ஒரு டாக்டர், கால் மரத்துப் போகுது என்று இன்னொருவர். பேர் சட்டுனு ஞாபகம் வரலைன்னா அதற்கு டாக்டரே வேண்டாம், "வயசாச்சு இல்லையா!" என்று வீட்டிலேயே தீர்ப்பு. மூன்றையும் ஒரே இடத்தில் சொன்னால்தான் வைட்டமின் பி12 குறைவு என்ற சந்தேகமே எழும்.

பி12 தாவர உணவில் கிடையாது என்றே சொல்லலாம். சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் கதி. 100 மில்லி பாலில் அரை மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். நமக்கு அன்றாடத் தேவை இரண்டுக்குச் சற்று மேல். டிகாக்‌ஷனில் இரண்டு கரண்டி பாலும், தண்ணீர் ஊற்றிய மோரும் கணக்கில் வராது.

சாப்பிட்டால் மட்டும் போதுமா? உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐ இரைப்பை அமிலம் பிரித்தெடுக்க வேண்டும். இரைப்பை சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபாக்டர் என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும், அசைவம் சாப்பிடுகிறவருக்கும் குறைவு வரும். வயிறு சரியில்லை என்று வருடக்கணக்காக விழுங்கும் பான்டோப்ரசோல் அமிலத்தைக் குறைக்கிறது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் உறிஞ்சுதலைக் கெடுக்கும். இவற்றைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். பி12 பார்க்கலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். கல்லீரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருப்பதால், குறை மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

நம்ம மும்பைக்கே இதில் ஒரு பங்கு உண்டு. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இங்கே வந்து, கர்ப்பிணிகளின் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்தியதை 1931-ல் வெளியிட்டார். அதிலிருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. பி12 தனியாகப் பிரிக்கப்பட்டது 1948-ல். இரண்டும் இல்லாவிட்டால் ரத்தம் ஒரே மாதிரிதான் கெடும். ஆனால் பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், நரம்பின் சேதமோ உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும். "ரிப்போர்ட்ல ரத்தம் நார்மல்" என்று நிம்மதியாக இருப்பவர் இருட்டில் நடக்கத் தடுமாறுவார். தாமதித்தால் அந்தச் சேதம் முழுவதும் திரும்பாது. இந்த நோயில் எனக்குள்ள பயம் அது ஒன்றுதான்.

எல்லாவற்றையும் பி12 தலையில் கட்டவும் கூடாது. மலச்சிக்கல், தசைவலி, மந்தபுத்தி சேர்ந்து வந்தால் தைராய்டு சோதனை அவசியம். வடக்கே குடியேறி இரண்டு வேளையும் சப்பாத்தி என்று மாறிய குடும்பங்கள் சீலியாக் நோயையும் நினைவில் வைக்க வேண்டும். இது கோதுமையிலுள்ள குளூட்டன் சிறுகுடலைப் புண்ணாக்குவது. 2016-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் அதன் அறிகுறி ரத்தத்தில் தென்பட்டவர்கள் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர். அதற்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறத்தாழ சமமாகவே இருந்தது. சாப்பிட்ட கோதுமையின் அளவுதான் மலைக்கும் மடுவுக்கும். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் நோய் பிடிபடாமல் போகலாம்.

பி12-க்கும் அதே கதைதான். "பலத்துக்கு ஒரு ஊசி போடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் ரத்தம் கொடுத்தால் எண் உயர்ந்துதான் காட்டும். முதலில் ரத்தம், பிறகு ஊசி. பொதுவாக 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200-லிருந்து 300 வரை என்றால், மீதைல்மலோனிக் அமிலம் என்ற இன்னொரு சோதனை செய்து பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.