பாட்டிலில் பிடித்த தண்ணீருக்கு என்ன ஆகிறது?

"போன் போட்டமுங்க. ஜீப்புல வந்தாங்க, பாட்டில்ல தண்ணி புடிச்சாங்க, போயிட்டாங்க. அப்புறம் ஒண்ணையுங் காணோமுங்க."

ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் பாசனக்காரர்களோடு டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. வாய்க்கால் சிவப்பாக ஓடியது, நுரை தள்ளிக்கொண்டு போனது, மஞ்சள் வயலுக்குத் தண்ணீர் கட்டப் பயமாக இருக்கிறது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் கேள்வி இதில்தான் வந்து நிற்கும்: அந்தப் பாட்டில் எங்கே போனது?

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், டீ ஆறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர்கள் இடமாற்றம் என்று பேப்பரின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி வருகிறதே, யாருக்கோ வந்த ஆர்டர் என்று தாண்டிப் போய்விடுகிறோம். அது நம் வாய்க்காலைப் பற்றிய செய்தி. ஏன் என்பதை அந்தப் பாட்டிலை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் கரைக்குப் போவோம். தண்ணீர் எடுப்பது எளிய வேலை போலத்தான் தெரியும். ஆனால் எங்கே எடுக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. கரையோரம் தேங்கிய தண்ணீரையோ மேலே மிதக்கும் நுரையையோ மொண்டுவந்தால் அது வாய்க்காலின் தண்ணீர் ஆகாது. ஓட்டத்தின் நடுவில், மேற்பரப்பிலிருந்து ஒரு அடி ஆழத்தில், தண்ணீர் வரும் திசையைப் பார்த்துப் பாட்டிலின் வாயைப் பிடிக்க வேண்டும். அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். எண்ணெய்ப் பசை பார்க்கும் பாட்டிலையும் கிருமி பார்க்கும் பாட்டிலையும் மட்டும் அலசக் கூடாது. கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று எடுத்தால்தான் இடையில் என்ன நடந்தது என்று சொல்ல முடியும். கீழே மட்டும் எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு எந்த ஆலையையும் கேள்வி கேட்க முடியாது. "எனக்கு முன்னாடியே தண்ணி அப்படித்தான் வந்துச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு இடத்தில் எடுக்கும் தண்ணீர் ஒரே பாட்டிலில் போவதும் இல்லை. அமிலத்தன்மை, வெப்பம், உப்பு இவற்றை அங்கேயே மீட்டரை விட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். உலோகம் பார்க்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விடுகிறார்கள். வேதி ஆக்சிஜன் தேவை பார்க்கும் பாட்டிலில் கந்தக அமிலம். கிருமி பார்க்க, முன்னதாகவே கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டில். எல்லாம் ஐஸ் பெட்டிக்குள் போகும்.

இதில் என் மனதை விட்டு அகலாதது கரைந்த ஆக்சிஜனுக்கான சின்னக் கண்ணாடிப் பாட்டில். 300 மில்லி பிடிக்கும். மூடி சாய்வாகச் செதுக்கியது போல இருக்கும். கரையில் நின்று ஒருமுறை பக்கத்தில் பார்த்தேன். குமிழி ஒன்றுகூட உள்ளே போகாமல் நிரப்பினார் ஆய்வக உதவியாளர் ஒருவர். குமிழி போனால் காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் கணக்கில் சேர்ந்து தண்ணீர் நல்லது என்று பொய் சொல்லிவிடும். பிறகு இரண்டு மருந்து, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும், பிப்பெட்டின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விட்டார். மூடித் தலைகீழாகப் புரட்டினார். வாய்க்கால் தலைப்புப் பக்கம் எடுத்த பாட்டிலில் பழுப்பாக ஒரு பொரிப்பொரியான படிவு திரண்டு மெல்லக் கீழே இறங்கியது. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது என்று பொருள். கழிவு கலந்த இடத்துக்குக் கீழே எடுத்ததில் படிவு வெள்ளையாகவே நின்றது. அதில் ஆக்சிஜன் அற்றுப்போயிருக்கிறது. மீன் பிழைக்க லிட்டருக்கு 4 மில்லிகிராம், மனிதர் குளிக்க 5 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. ஆய்வகத்தில் இன்னும் அமிலம் விட்டு, ஸ்டார்ச் விட்டு, நீலநிறம் மறையும்வரை சொட்டுச் சொட்டாகத் தயோசல்பேட் இறக்கித்தான் சரியான எண்ணைச் சொல்வார்கள். ஆனால் அந்த வெள்ளைப் படிவைக் கண்ணால் பார்த்துவிட்ட ஆளுக்கு அது வெறும் எண்ணாக இருக்காது.

இந்த மருந்தைக் கரையிலேயே விட்டாக வேண்டும். ஜீப்பில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய் விடலாம் என்றால், வழியிலேயே பாட்டிலுக்குள் இருக்கும் கிருமிகள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அப்போது வரும் அளவு ஜீப்புக்குள் இருந்த தண்ணீரின் அளவுதான்.

அப்புறம் ஏன் முடிவு வரத் தாமதம்? சாயக்கழிவோ சாக்கடையோ, ஒரு தண்ணீரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்பதை அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் கேட்கின்றன என்பதை வைத்து அளக்கிறார்கள். பி.ஓ.டி. என்பது இதுதான். மாவு புளிக்க இத்தனை நேரம், இந்தச் சூடு வேண்டும் என்பதுபோல இதற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் நாட்டில் 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்க்கிறார்கள். நீர்நிலையில் விடப்படும் கழிவில் இது லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அவசரப்படுத்த வழியில்லை. பெரிய அதிகாரி போன் செய்தாலும் நுண்ணுயிர் அதன் வேகத்தில்தான் தின்னும்.

இங்கேதான் ஆட்கணக்கு உள்ளே வருகிறது. புதன்கிழமை சாயங்காலம் பாட்டிலை இன்குபேட்டரில் வைத்தால் சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஆய்வகத்தைத் திறந்து, அளந்து, எழுதிவைக்க ஆள் வேண்டும். மூன்று பேர் இருக்கும் ஆய்வகத்தில் முறை போட்டு வருவார்கள். ஒருவர் மட்டும் இருந்தால், ஞாயிறு இடிக்காத நாளில்தான் மாதிரி எடுக்கலாம் என்ற நிலை வந்துவிடும். வாய்க்காலில் கழிவு விடுகிறவருக்குக் கிழமை பார்க்கிற கட்டாயம் கிடையாது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். வாய்க்கால் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினாலே மணிக்கு 1.8 கிலோமீட்டர் போய்விடும். இரவு இரண்டு மணிக்கு ஒரு பட்டறை திறந்துவிட்ட கழிவு, ஐந்து மணிக்குள் ஐந்து கிலோமீட்டர் தாண்டியிருக்கும். நீங்கள் விடிகாலையில் பார்த்துப் போன் செய்து, அதிகாரி இன்னொரு தாலுகாவிலிருந்து புறப்பட்டு ஒன்பதுக்கு வந்து சேரும்போது உங்கள் மதகின் முன்னால் ஓடுவது வேறு தண்ணீர். அவர் எடுக்கும் மாதிரி சுத்தமாகவே இருக்கலாம். அதை வைத்து அவர் பொய் எழுதினார் என்று சொல்ல முடியாது. ஒரு பொறியாளர் பார்க்க வேண்டிய பரப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு தூரம் குற்றம் நம்மைவிட்டு ஓடிப்போகிறது.

அந்தப் பொறியாளருக்கு வேறு வேலை இல்லையா என்றால், பட்டியல் மலைக்கவைக்கும். ஆலைகளுக்கு இசைவாணைக் கோப்பு பார்க்க வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். ஆஸ்பத்திரிக் கழிவு, மின்னணுக் கழிவு, பிளாஸ்டிக் பை சோதனை எல்லாம் அவர் தலையில்தான். விநாயகர் சதுர்த்திக்குச் சிலை கரைக்கும் முன்னும் பின்னும் நீர் எடுக்க வேண்டும். தீபாவளிக்குச் சத்தத்தையும் புகையையும் அளக்க வேண்டும். புகைபோக்கி இருந்தால் கருவியைத் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறி, பக்கவாட்டில் இருக்கும் துளைக்குள் குழாயை விட்டு, உள்ளே புகை என்ன வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். வேகம் மாறினால் தூசுக் கணக்கே தப்பு. ஏணியின் உச்சியில் வெயிலிலும் காற்றிலும் நின்று இதைச் செய்கிறவர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

இத்தனைக்கும் ஆள் போதாது. 2024-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி, நாட்டின் மாநில மாசு கட்டுப்பாட்டு அமைப்புகளில் அனுமதிக்கப்பட்ட சுமார் 11,500 பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலி. மறு வருடம் தில்லியையும் அதன் அண்டை மாநிலங்களையும் இதற்காகவே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. காலியிடம் என்பதை வேலை கிடைக்காத இளைஞரின் பிரச்சினையாக மட்டும் நாம் பேசிப் பழகிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை திறக்கப்படாத இன்குபேட்டரும் அதே காலியிடம்தான்.

ஆள் எதற்கு, கருவி வைத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய ஆலைகளில் அளவீட்டுக் கருவி பொருத்தி அதன் எண்கள் நேராக வாரியத்துக்குப் போகிற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, நல்லதுதான். ஆனால் கருவி தான் முங்கியிருக்கும் குழாயைப் பற்றி மட்டும் பேசும். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குழாய் புதைந்திருந்தால் அதற்குத் தெரியாது. மழைநீர் வடிகாலில் வெயில் காலத்திலும் ஏன் ஈரம் என்று சந்தேகப்பட ஒரு மனிதர் அங்கே நடந்து போக வேண்டும்.

இனி சட்டம். 1974-இல் வந்த நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஆலைக் கழிவில் மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. சோதனைக்கு எடுக்கிறோம் என்று ஆலை நடத்துபவருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, குறியிட்டு, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று வாரிய ஆய்வகத்துக்கு. அவர் கேட்டால் மற்றொன்று அரசு குறிப்பிடும் ஆய்வகத்துக்கு. வேண்டுமென்றே அவர் தலைமறைவானாலோ கையெழுத்து மறுத்தாலோ என்ன செய்வது என்பதற்கும் வழி சொல்லியிருக்கிறது. இந்த முறையில் ஒரு படி தவறினால் முடிவு நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்காது. எவ்வளவு சாயம் இருந்தாலும் நிற்காது. அதனால்தான் நீங்கள் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்திருக்கும் சாயத்தண்ணீரை அவர்கள் வாங்கி ஓரமாக வைக்கிறார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களை அங்கே வரவழைத்ததே அந்தப் பாட்டில்தான்.

முறையாக எடுத்த மாதிரிக்கு வலு உண்டு. 1988-இல் சேர்க்கப்பட்ட 33ஏ பிரிவின்படி ஆலையை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் வாரியம் உத்தரவிட முடியும். கொங்குப் பகுதியில் பட்டறைக்காரர்கள் எதற்கும் அஞ்சாவிட்டாலும் பீஸ் கட்டையைப் பிடுங்குவதற்கு அஞ்சுவார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் எழுநூற்றுக்கும் மேற்பட்டவற்றை மூடச் சொன்னதன் பின்னால், நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டுப்போன கதையை விவசாயிகள் பல வருடம் விடாமல் எடுத்துச் சொன்னது இருக்கிறது. அளந்து எழுதப்பட்ட எண்கள் இருந்ததால்தான் அந்த அழுகை வழக்காயிற்று.

இப்போது அந்த நாலு வரி இடமாற்றச் செய்திக்கு வருகிறேன். புதிதாக ஒரு பகுதிக்கு வரும் பொறியாளருக்கு ஆலைகளின் பட்டியல் கோப்பில் கிடைக்கும். எந்தச் சிறுபாலத்தின் அடியில் குழாய் மறைந்திருக்கிறது, எந்தப் பட்டறை மழை பிடித்ததும் தொட்டியைத் திறந்துவிடும், எந்த வீதியின் சாக்கடை வாய்க்காலுக்குள் எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் கோப்பில் இருக்காது. ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தால்தான் பிடிபடும். தெரிந்துகொண்ட நேரத்தில் ஆர்டர் வந்துவிட்டால், அத்தனையும் அவரோடு பஸ் ஏறிப் போய்விடும். ஒரே இடத்தில் பல வருடம் இருந்தால் வேண்டாத நெருக்கம் வளரும் என்பதும் உண்மை. எனவே இடமாற்றமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அறிந்ததைக் கைமாற்றாமல் போகக் கூடாது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம்.

பாசனக்காரர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கழிவைக் கண்டால் நேரம், மதகு, நிறம், வாடை நான்கையும் உடனே எழுதிவையுங்கள். அதிகாரி வரும்வரை மேல்பக்கம் நடந்து போய், எந்த இடத்தில் நிறம் நிற்கிறது என்று பாருங்கள். மாதிரி எடுக்கும்போது கூடவே நில்லுங்கள். எடுத்த தேதியையும் இடத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து அந்தத் தேதியைச் சொல்லித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆய்வறிக்கையின் நகலைக் கேளுங்கள். தேதி இல்லாமல் 'வாய்க்கால் தண்ணீர் பற்றிய விவரம்' என்று கேட்டால் பொதுவாக ஒரு பதில்தான் வரும்.

இடமாற்றம் என்று பேப்பரில் வந்தால், அந்த வாரமே திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒரு மனு கொடுங்கள். பாசன சபையின் பெயரில், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு நகலோடு இருக்கட்டும். போகிறவரும் வருகிறவரும் ஒரு நாள் சேர்ந்து நம் ஆயக்கட்டு வாய்க்கால் கரையில் நடக்க வேண்டும், சந்தேகமுள்ள ஒவ்வொரு குழாய்வாயையும் மதகு எண்ணோடு எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும், அந்தப் பட்டியலின் ஒரு பிரதி சபைக்கு வேண்டும் என்று கேளுங்கள். நம் பக்கத்திலிருந்து யார் கூட நடக்கப் போகிறார்கள் என்பதையும் மனுவிலேயே பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.