மாட்டுக்குப் போட்ட ஊசி கழுகைக் கொன்ற கதை



மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் வயசானவர்களைக் கேட்டுப் பாருங்க. ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டால், பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக வந்து இறங்கும் என்பார்கள். பாறு என்பதும் இதைத்தான். கொஞ்ச நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். இன்றைக்கு நம் சமவெளியில் அதைக் காண்பதே அரிது. தமிழ்நாட்டில் முக்கியமாக நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் மிச்சம் இருக்கிறது.

என்ன ஆச்சு? 1990-களில் இந்தியா முழுக்கக் கழுகுகள் தலை தொங்கிப்போய், மரத்திலிருந்து விழுந்து செத்தன. வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் 2007-க்குள் நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்துபோனது. ஏதோ தொற்றுக் கிருமி என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். அழுகின இறைச்சியிலுள்ள கிருமிகளையே வயிற்று அமிலத்தால் அழித்துவிடுகிற பறவை அது! 2004-ல் பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சியில்தான் உண்மை வெளிவந்தது. காரணம் கிருமி இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி.

மாடு நொண்டினால், மூட்டு வீங்கினால், காய்ச்சல் கண்டால் போடுகிற ஊசிதான் அது. ஊசி போட்ட இரண்டொரு நாளில் மாடு செத்தால் மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும். யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் ஏறிவிடும். மனுஷருக்கு அது கூடினால் கால் பெருவிரல் மூட்டு வீங்கி வலிக்கிறதே, அதே உப்புத்தான். கழுகுக்கு அது ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு பூசின மாதிரி படிந்து, சில நாளில் உயிரை வாங்கிவிடும். நூறு மாட்டுப் பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே போதும், இனமே அழியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இது பாறுக்கு மட்டும் வந்த வினை இல்லை. ராஜஸ்தானில் வேறொரு கழுகு இனமும் இதே மாதிரி செத்தது தெரியவந்திருக்கிறது. நம் மேலூர் வட்டாரத்து அரிட்டாபட்டிப் பாறைகளில் ராசாளிக் கழுகும் வல்லூறுகளும் வாழ்கின்றன. 2022-ல் அரசு அந்த இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அவற்றைக் காக்கிற பொறுப்பு நமக்கும் உண்டு.

சரி, நாம் என்ன செய்யணும்?

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006-லேயே தடை செய்யப்பட்டது. கீட்டோபுரொஃபேன், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் 2023-ல் தடை வந்தது. நிமெசுலைடும் கழுகுக்கு ஆகாது. மனுஷருக்கு விற்கிற ஊசியை வாங்கி மாட்டுக்குப் போடாதீங்க. வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது. கழுகுக்குக் கெடுதல் இல்லை என்று சோதித்துப் பார்த்த மருந்து. கால்நடை மருத்துவரிடம் பேரைச் சொல்லியே கேளுங்க.

ஊசி போட்ட மாடு செத்துப்போனால் வெளியே வீசாதீங்க. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்க. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் இரத்தம் வந்தால் அடைப்பானாக இருக்கலாம். அந்த மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. அந்தக் கிருமி மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும், மனுஷரையும் தாக்கும். உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்புங்க.

கழுகு இல்லாத ஊரில் அந்தப் பிணத்தைத் தெருநாய்தான் தின்னும். நாய் பெருகினால் வெறிநாய்க்கடியும் பெருகும். அப்புறம் கஷ்டப்படுவது நாமும் நம் பிள்ளைகளும்தான்.