அப்பாவின் பழைய புல்லட்டை மீட்கப் போறீங்களா? முதல் உதைக்கு முன் இதையெல்லாம் பாருங்க!

வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் பழைய புல்லட். அப்பாவோ தாத்தாவோ ஓட்டியது. டயர் தரையோடு ஒட்டியிருக்கும், சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாருக்காவது ஆசை வரும். தார்ப்பாயை இழுத்துப் போட்டு, அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றி, கிக்கரில் ஏறி ஓங்கி ஒரு உதை!

பல வண்டிகள் அந்த உதையில்தான் கெட்டுப்போகின்றன. பத்து வருஷம் சும்மா நின்றபோது வராத சேதம் பத்து நிமிஷ அவசரத்தில் வந்துவிடும். பொறுமையும் கொஞ்சம் கருவிகளும் இருந்தால், பழைய புல்லட்டை வீட்டிலேயே பெரும்பாலும் உயிர்ப்பிக்கலாம். எதை முதலில் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே பேசுவது பழைய 'காஸ்ட் அயர்ன்' இன்ஜின் புல்லட் 350 பற்றி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் இருந்து வந்த இந்த 346 சிசி இன்ஜினின் அடிப்படை அரை நூற்றாண்டுக்கும் மேல் பெரிதாக மாறவில்லை. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. எது பழுதானாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி.யை எடுங்க

வண்டி யார் பேரில் இருக்கிறது? ஆர்.சி. எப்போது முடிந்தது? இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கிறதா? இந்த மூன்றையும் பார்க்காமல் பணத்தைக் கொட்டிவிட்டு, கடைசியில் ரோட்டில் ஓட்ட முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய விதித் திருத்தப்படி, 20 வருஷம் தாண்டிய இருசக்கர வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். தாமதத்துக்கான கூடுதல் கட்டணம், தமிழ்நாட்டில் பசுமை வரி இதெல்லாம் தனி. உங்கள் வண்டிக்கு மொத்தம் எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

உரிமையாளர் இறந்துவிட்டார் என்றால், வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31 இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள்.

"வின்டேஜ்னு ரிஜிஸ்டர் பண்ணிட்டா ஈஸிதானே?" என்று சிலர் கேட்பார்கள். 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிதான் வின்டேஜ். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. கடைத்தெருவுக்கு ஓட்டிப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது. சாதாரணப் புதுப்பிப்பே போதும்.

இன்ஜின் இறுகிப் போயிருக்கா? எப்படித் தெரிஞ்சுக்கலாம்?

பல வருஷம் ஓடாத வண்டியில் பிஸ்டன் ரிங்குகள் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். இந்த நிலையில் கிக்கரில் ஏறி நின்று மிதித்தால் கிக்கர் பல்லோ கியர் பாக்ஸோ உடையும்; ரிங் நொறுங்கி சிலிண்டரில் கோடு விழும்.

அதனால் முதலில் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுங்க. அந்த ஓட்டை வழியாக ரெண்டு மூணு ஸ்பூன் இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் டீசலோடு கலந்து ஊற்றி, ஒரு இரவு அப்படியே விடுங்க. மறுநாள் ப்ளக்கை மாட்டாமலே, வண்டியை டாப் கியரில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்க. இன்ஜின் சுற்றினால் பாதி கவலை போச்சு. அசையவில்லையா? இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும். வாரம் ஆகியும் அசையவில்லை என்றால்தான் சிலிண்டரைக் கழற்ற வேண்டும். அது நல்ல மெக்கானிக் வேலை. இதில் வீம்பு வேண்டாம்.

கழற்றும்போது ஒரு விஷயம். அந்தக் கால வண்டிகளில் பிரிட்டிஷ் அங்குல அளவு நட்டுகள் நிறைய இருக்கும். கையில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கிப் போகும். சரியான ஸ்பேனர் செட் வாங்குவதுதான் இந்த வேலையின் முதல் செலவு. கழற்றும் முன் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. ஒயரிங்கை மறுபடி மாட்டும்போது அந்தப் போட்டோதான் கைகொடுக்கும்.

ஆயில் காலின்னு ஏமாறாதீங்க

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் சுத்தமாக இல்லாதது போலத் தெரியும். "அடடா, ஆயிலே இல்லை" என்று இரண்டு லிட்டர் ஊற்றிவிடுவார்கள். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் வெள்ளைப் புகை, மூச்சுக் குழாய் வழியாக ஆயில் கொட்டும். இன்ஜின் போச்சு என்று பயந்து முழுவதும் பிரித்துப் போடுகிறவர்களும் உண்டு.

உண்மையில் என்ன நடக்கிறது? இந்த இன்ஜினில் ஆயிலுக்குத் தனி அறை உண்டு. அங்கிருந்து பம்ப்தான் ஆயிலை இன்ஜினுக்கு அனுப்பும். வண்டி பல மாதம் நிற்கும்போது ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் பகுதிக்குள் இறங்கிவிடும். ஆயில் எங்கேயும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. எனவே அடியில் உள்ள ட்ரெயின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் திறந்து பழைய ஆயிலை முழுசா வடியுங்க. ஃபில்டரை மாற்றிவிட்டுப் புதுசு ஊற்றுங்க.

வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு ராக்கர் மூடியைத் திறந்து பாருங்க. அங்கே ஆயில் கசிந்து வந்தால் பம்ப் வேலை செய்கிறது. ஓரிரு நிமிஷத்தில் வரவில்லை என்றால் உடனே ஆஃப் பண்ணிடுங்க.

ஹெட்லைட் மேலேயே ஒரு டாக்டர்

புல்லட்டில் ஹெட்லைட் மூடியின் மேல் சின்ன முள்ளோடு ஒரு ஆம்ப் மீட்டர் இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கரன்ட் கோளாறைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி வண்டியில் இல்லை.

முதலில் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பல்பையும் காயிலையும் பார்த்து உறுதி செய்யுங்க. பழசு பல 6 வோல்ட். அதில் 12 வோல்ட் பேட்டரி மாட்டினால் பல்பு போகும், காயிலும் போகும்.

சரியான பேட்டரி மாட்டி, சாவியைத் திருப்பி, லைட்டை அணைத்துவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்க. முள் ஒருமுறை மைனஸ் பக்கம் சாயும், பிறகு நடுவுக்கு வரும். பாயின்ட் மூடும்போது கரன்ட் ஓடுகிறது, திறக்கும்போது நிற்கிறது. அதைத்தான் முள் காட்டுகிறது.

முள் அசையவே இல்லையா? கரன்ட் காயிலையும் பாயின்ட்டையும் தாண்டிப் போகவில்லை. ஃபியூஸ், சாவி சுவிட்ச், எலி கடித்த ஒயர் ஆகியவற்றைப் பாருங்க. அதெல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் பாயின்ட்டில் படிந்த கறைதான் காரணம். வலது பக்கம் சின்ன மூடிக்குள் இருக்கும் பாயின்ட்டை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான கனத்த தாளை நடுவில் விட்டு இழுத்தால் போதும். பாயின்ட் முழுசாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்து அளந்துகொள்ளலாம்.

முள் மைனஸில் சாய்ந்தபடியே நிற்கிறதா? அப்படியென்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது எங்கேயோ ஒயர் பாடியில் உரசுகிறது. இந்த நிலையில் சாவியை ஆனில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது காயில் கொதிக்கும்.

அடுத்து ப்ளக்கை ஒயரில் மாட்டி, சிலிண்டர் ஹெட்டில் சாய்த்து வைத்து கிக் அடித்துப் பாருங்க. நீலமாக, சத்தத்தோடு பொறி வர வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து வந்தாலோ, பாயின்ட்டில் நிறைய பொறி பறந்தாலோ கண்டன்சர் மேல்தான் முதல் சந்தேகம். இந்தச் சோதனையின்போது பக்கத்தில் பெட்ரோல் டப்பா இருக்கவே கூடாது.

டேங்க் உள்ளே என்ன இருக்கு?

டேங்கை டார்ச் அடித்துப் பாருங்க. பழைய பெட்ரோல் காய்ந்து வார்னிஷ் வாடையோடு பிசின் மாதிரி படிந்திருக்கும், கூடவே துரு. அதை வடித்து ஊரில் நல்ல காற்றோட்டமான இடத்தில் பத்திரமாக அகற்றிவிட்டு, டேங்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீரும் ஒரு கைப்பிடி நட்டுகளும் போட்டு நன்றாகக் குலுக்குங்க. மிச்சத் துருவுக்கு எலுமிச்சை உப்புக் கரைசல் ஒரு நாள் ஊறினால் போதும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் அதே வைத்தியம்தான். பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் முழுசாகக் காயவைத்து, உள்ளே கொஞ்சம் ஆயில் சுழற்றிவிடுங்க. இல்லாவிட்டால் ஒரே இரவில் மறுபடி துரு பிடிக்கும்.

பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்பரேட்டர் ரப்பர் எல்லாம் புதுசு போடுவது கட்டாயம். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சூடான இன்ஜின் மேல் சொட்டும் பெட்ரோலோடு விளையாட முடியாது.

கார்பரேட்டரில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஸ்லோ ஜெட். முடி அளவு ஓட்டை அது. சோக் போட்டால் ஓடும், சோக் எடுத்தால் அணைந்துவிடும் என்றால் அங்கேதான் அடைப்பு. கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊதுங்க, கம்பியை விட்டுக் குடைய வேண்டாம். ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் வீண்.

இவ்வளவு செய்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பத்து கிக் அடித்துவிட்டு ப்ளக்கைக் கழற்றிப் பாருங்க. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பிரச்சினை பொறியிலோ டைமிங்கிலோ. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. இந்த ஒரு பார்வை பாதி நாள் அலைச்சலை மிச்சம் பண்ணும்.

கால் பத்திரம்!

புல்லட் திருப்பி உதைக்கும் என்று ஊரில் சொல்வது கதை இல்லை. பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே பொறி விழுந்தால், கிக்கர் முழு வேகத்தில் காலைத் தூக்கி அடிக்கும். கணுக்கால் எலும்பு உடையலாம். செருப்போடு கிக் அடிக்கவே கூடாது.

அதற்குத்தான் இடது கைப்பிடியில் டீகம்ப்ரஷன் லிவர். கிக்கர் கெட்டியாகும் வரை மெதுவாக அழுத்துங்க. லிவரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வந்து கொஞ்சம் தாண்டும் வரை தள்ளுங்க. லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே சீராக முழு மிதி. பலம் வேண்டியதில்லை.

ஓட்டுவதற்கு முன் டயரைப் பாருங்க. பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருந்தால் முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். '2312' என்றால் 2012-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் அதை நம்பி ஏறாதீங்க. பிரேக் ட்ரம்மைத் திறந்து, லைனிங் ஷூவை விட்டு உரிந்திருக்கிறதா என்று பாருங்க. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கணும்.

இன்றைய பைக் மட்டுமே ஓட்டிப் பழகியவர்களுக்கு ஆபத்து இன்னொரு பக்கம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. குறுக்கே நாய் ஓடிவந்தால் பழக்கத்தில் வலது கால் அமுங்கும், பிரேக் பிடிக்காது, கியர்தான் மாறும். ஆள் இல்லாத மைதானத்தில் ரெண்டு நாள் ஓட்டிப் பழகிவிட்டு ரோட்டுக்கு வாங்க. அதற்குள் இன்சூரன்ஸும் எடுத்திருக்க வேண்டும்.

பெயின்ட், குரோம் எல்லாம்?

அது கடைசி வேலை. முதலில் பெயின்ட் அடித்தால், பிறகு இன்ஜினைக் கழற்றும்போது கீறல் விழும். தாத்தா காலத்து டேங்கில் கையால் போட்ட கோடு இன்னும் தெரிந்தால், அதை அழிக்காமல் மெழுகு போட்டு விடுவதே அழகு. பழைய பாகம் தேய்ந்திருந்தால் புதுசு மாட்டுங்க, ஆனால் பழசை எடைக்குப் போடாதீங்க. சென்னை புதுப்பேட்டையில் உதிரிபாகம் தேடிப் போகும்போது, கையில் பழைய பாகம் இருந்தால்தான் அளவு ஒத்துப் பார்த்து வாங்க முடியும்.

ஸ்டார்ட் ஆன பிறகு முதல் சவாரி அஞ்சு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். திரும்பி வந்ததும், வண்டி ஆறிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்குங்க. நூறு கிலோமீட்டர் ஓடியதும் புது ஆயிலையும் வடித்துவிட்டு மாற்றுங்க. வருஷக்கணக்கில் உள்ளே படிந்த கசடு அதில் கருப்பாக இறங்கி வரும். அடுத்து சில வாரம் ஓட்டாமல் நிறுத்தப் போறீங்கன்னா, பெட்ரோல் டேப்பை மூடி, கார்பரேட்டரில் மிச்சம் உள்ள பெட்ரோல் தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துங்க.