ஊர் மாறுவதைப் படமாக வரைவோம்

சுவிட்சர்லாந்து ஓவியர் யோர்க் முல்லர் 1973-ல் குழந்தைகளுக்காக ஒரு படத்தொகுப்பை வெளியிட்டார். மொத்தம் 7 பெரிய படங்கள். கதையோ வசனமோ கிடையாது. ஒரே இடத்திலிருந்து பார்த்த ஒரே கிராமம், 1953 முதல் 1972 வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒரு படமாக வரையப்பட்டுள்ளது. முதல் படத்தில் பண்ணை வீடும் மரங்களும் இருக்கின்றன. கடைசிப் படத்தில் அகலச் சாலையும் பெரிய கட்டிடங்களும் நிற்கின்றன. அடுத்தடுத்த இரண்டு படங்களை மட்டும் பார்த்தால் மாற்றம் சிறிதாகவே தெரியும். முதலையும் கடைசியையும் அருகருகே வைத்தால்தான் இழப்பு புரியும்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள சந்தவாசல், படவேடு பகுதிகளுக்கும் இது பொருந்தும். மலையில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கித்தான் ஏரிக்கும் கிணறுகளுக்கும் சேர்கிறது. ஓடை ஒரே நாளில் மறைவதில்லை. ஓர் ஆண்டு கரை சற்று உள்ளே நகரும். அடுத்த ஆண்டு குறுக்கே பாதை வரும். பிறகு பெருமழை பெய்தாலும் ஏரிக்குப் போதிய நீர் வராது.

வரப்பு மரங்களும் அப்படித்தான். பனையும் வேம்பும் போனால், பூச்சியைப் பிடிக்கும் கரிச்சானுக்கும் எலியைப் பிடிக்கும் ஆந்தைக்கும் உட்கார இடமில்லை. மேய்க்கால் சுருங்கினால் மாடு குறையும். மாடு குறைந்தால் தொழுவுரம் குறையும்.

எப்படி வரைவது?

பள்ளிப் பிள்ளைகளையும் 60 வயது கடந்த பெரியவர்களையும் ஒன்றாக உட்கார வையுங்கள். களத்தில் கோலமாவால் ஊரை வரையச் சொல்லுங்கள். பெரியவர்களின் சிறு வயதில் இருந்த ஊர் ஒரு படம். 20 ஆண்டுக்கு முந்தையது ஒன்று. இன்றைய ஊர் மற்றொன்று. மூன்றிலும் ஏரி, ஓடை, வாய்க்கால், பொதுக்கிணறு, மேய்க்கால், களம், வரப்பு மரங்கள் ஆகியவற்றைத் தவறாமல் குறியுங்கள். சாமை, கேழ்வரகு, மணிலா, நெல் எந்தப் பக்கம் விளைந்தன என்பதையும் எழுதுங்கள். பிறகு பிள்ளைகள் அதைத் தாளில் வண்ணத்தில் வரையட்டும்.

விரிவாக்கப் பணியாளர்கள் பங்கேற்பு ஊரக மதிப்பீட்டில் செய்யும் வேலைதான் இது. பிள்ளைகள் சேர்ந்தால் படம் ஊரிலேயே தங்கும்.

நினைவு மட்டும் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். எந்தப் புல எண் ஓடைப் புறம்போக்கு, எது ஏரி என்பது அவற்றில் இருக்கும். புல எண் தெரிந்தால் அ-பதிவேட்டை இணையத்திலும் பார்க்கலாம்.

வேறுபாடு தெரிந்தால் படத்தையும் புல எண்ணையும் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் ஓடை, வாய்க்கால் பற்றிப் பேச அது ஏற்ற நாள். அளந்து எல்லைக்கல் நடவும், தூர் வாரவும் தீர்மானம் கேளுங்கள். தூர் வாரும் வேலையை மழைக்கு முன்பே முடிக்க வேண்டும்.

மூன்று ஆண்டு கழித்து அதே இடத்திலிருந்து அடுத்த படத்தை வரையுங்கள்.