கண்காட்சியைப் பின்வாசலிலிருந்து காட்டலாம்

பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டி, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றுப்படுகையில், அத்திரம்பாக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கிடைத்த கற்கருவிகளை அங்கே பார்க்கலாம். அத்திரம்பாக்கத்தை 1863-இல் உலகுக்குத் தெரியவைத்தவர்கள் நிலவியலாளர்கள் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும். அங்கே அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர், மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் அறிவித்தார்கள். இவ்வளவும் சொன்ன பிறகும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது கல்தான். வீட்டு வாசலில் கிடக்கும் ஜல்லிக்கும் கண்ணாடிக்குள் இருக்கும் கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பிள்ளை கேட்டால், அதைவிட நியாயமான கேள்வி வேறில்லை. ஆயிரம் கல்லில் இதை எடுத்தது யார்? எடுத்த இடத்தை எப்படிக் குறித்து வைத்தார்கள்? கல்லின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏன் எண் எழுதுகிறார்கள்? இதற்குப் பக்கத்தில் அதை வைக்கலாம் என்று முடிவு செய்தது யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்த பிள்ளைக்குக் கண்ணாடிப் பேழை புரியும். தெரியாத பிள்ளை வரிசையில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பார்த்துவிட்டுப் போகும்.

ஓவியக் கண்காட்சிக்கும் இதே கதிதான். குழந்தைகளைக் கலைக்குப் பழக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், முடிந்த கண்காட்சிக்கு அவர்களை அழைத்துப் போவதிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. முதலில் கண்காட்சி எப்படி உருவாகிறது என்பதைக் காட்ட வேண்டும். பார்ப்பது அதற்குப் பிறகு வரட்டும். எல்லா ஊருக்கும் பொருந்தும் பேச்சுதான் இது. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி வளரும் பிள்ளைகளுக்கு, கலைக்குள் நுழைய இதைவிடக் கிட்டிய வழி இல்லை.

காரணம் எளிது. ஒரு கண்காட்சியில் ஓவியரின் வேலை முடிந்த பிறகுதான் மற்ற வேலைகள் தொடங்குகின்றன. படத்தை வாங்கியதும் எங்கே கீறல், எங்கே மடிப்பு என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். மூலை நசுங்காமல் அட்டை வைத்துப் பெட்டி கட்டுகிறார்கள். ஏற்றி இறக்குகிறார்கள். சட்டம் போடுகிறார்கள், சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், ரசமட்டம் வைத்துக் கோணல் பார்க்கிறார்கள், விளக்கின் கோணத்தைத் திருப்புகிறார்கள். இந்த வேலைகளில் எதுவும் உருக்காலைக்கும் உருட்டாலைக்கும் ஷிப்ட் போகிற வீடுகளுக்குப் புதிதல்ல. பேக்கிங்கில் அம்மா, வெல்டிங்கில் அப்பா, டிஸ்பாட்ச்சில் சித்தப்பா என்று இருக்கிற வீட்டில், சரக்கு சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை தினமும் பேசப்படுகிறது. ஓவியம் தங்களுக்குச் சம்பந்தமில்லாத பெரிய மனிதர்களின் விஷயம் என்று நினைக்கும் குடும்பத்துக்கு, அதைச் சுவரில் ஏற்றும் கை தங்கள் கையைப் போன்ற கைதான் என்று தெரியும்போது அந்தத் தயக்கம் குறையும்.

பிள்ளைகளிடம் எதிலிருந்து தொடங்கலாம்? உயரத்திலிருந்து தொடங்கலாம். பெரியவர்களுக்கான கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவது பரவலான வழக்கம். ஆறு வயதுப் பிள்ளையின் கண் ஏறக்குறைய 105 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆக, நமக்கு நேர் எதிரே இருக்கும் படம் அதற்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே நிற்கிறது. ஒரு படத்தைப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறக்கி மாட்டி, "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும். இந்த உயரத்தை யாரோ ஒருவர் தீர்மானித்திருக்கிறார், அதை மாற்றவும் முடியும் என்பது அதற்குப் பிடிபட்டுவிடும். அடுத்தது இடைவெளி. ஒரு படத்தைச் சுவரின் நட்டநடுவில் மாட்ட அளவுகோல்கூட வேண்டாம். சுவரின் நீளத்துக்குச் சணல் கயிறு பிடித்து, அதை இரண்டாக மடித்தால் நடு கிடைத்துவிடும். பிறகு பக்கத்துணை. சிவப்பு மாட்டுப் படத்துக்கு அருகில் சிவப்பு லாரிப் படத்தை வைத்தால் நிறத்தைப் பற்றிய பேச்சாகிறது. அதே மாட்டுக்கு அருகில் ஏரிப் படத்தை வைத்தால் மேய்ச்சலைப் பற்றிய பேச்சாகிறது. படம் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. கண்காட்சி அமைப்பவரின் வேலையில் பாதி இதுதான், ஐந்து வயதில் இது விளங்கும்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகள், பிள்ளைகளின் முடிந்த படத்தோடு அவர்களின் முந்தைய முயற்சிகளையும், வரையும்போது பேசிய வார்த்தைகளையும் சேர்த்தே சுவரில் வைத்தன. லோரிஸ் மாலகுட்ஸியின் வழிகாட்டலில் வளர்ந்த அந்தப் பழக்கம் 1981 முதல் கண்காட்சியாகப் பல நாடுகளுக்குப் போனது. நம் நாட்டில் 1938-இல் குஜராத்தின் ஹரிபுராவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு, காந்தி கேட்டுக்கொண்டதன் பேரில், நந்தலால் போஸ் சுவரொட்டி ஓவியங்களைத் தீட்டினார். செருப்புத் தைப்பவர், தச்சர், மேளக்காரர் என்று உழைக்கும் மக்களே அவற்றின் நாயகர்கள். அவை பந்தலிலும் வாயில்களிலும் தொங்கின, கிராமத்தார் நடந்துகொண்டே பார்த்தார்கள். கொச்சியில் 2012 முதல் நடக்கும் கலைவிழாவின் முக்கிய இடமாக இருந்துவந்த ஆஸ்பின்வால் வளாகம், ஒரு காலத்தில் கயிறும் மிளகும் கையாண்ட வணிக நிறுவனத்துடையது. திருவள்ளூரில் ஓவியக்கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஹரிபுராவும் கொச்சியும் பதில் சொல்கின்றன. பள்ளித் தாழ்வாரமும் பழைய கிடங்கும் நம்மிடம் இல்லாமலில்லை.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கண்காட்சி என்றால் தேர்வு, தேர்வு என்றால் யாராவது விடுபடுவார்கள், சின்னஞ்சிறு மனம் நோகும் என்கிறார்கள். இந்தக் கவலை உண்மையானது, தட்டிக்கழிக்கக் கூடாதது. ஆனால் நோகவைப்பது தேர்வா, தரவரிசையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா எத்தனையோ பிள்ளைகளுக்கு மேடை தந்திருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அது போட்டி, அங்கே முதலிடம் ஒன்றுதான். கண்காட்சி கேட்கும் கேள்வி வேறு. "எது நல்ல படம்?" என்று அது கேட்பதில்லை, "நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல எந்தப் படங்கள் வேண்டும்?" என்று கேட்கிறது. பழவேற்காடு ஏரியை வரைந்த பிள்ளை, அடிபம்பை வரைந்த பிள்ளை, பனையோலையில் மீன் முடைந்த பிள்ளை மூவருக்கும் அதில் இடமுண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் படங்களில் ஒன்றைத் தானே எடுத்துவைக்கும்படி செய்தால் யாரும் விடுபட மாட்டார்கள். எதை விடுவது என்ற கடினமான முடிவையும் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்வார்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் பிள்ளைகளுக்கு இது ஆடம்பரம் என்பது இன்னொரு வாதம். படத்தின் கீழ் ஒட்டும் சிறு அட்டையை நினைத்துப் பாருங்கள். பெயர், தலைப்பு, எதனால் செய்தது, எப்போது என்று நாலே வரி, அதையும் யாராவது படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து எழுதுவது. நோட்டுப் புத்தகத்தில் பத்துத் தடவை எழுதுவதைவிட இதில் பிள்ளைக்கு அக்கறை அதிகம். எழுத வராத பிள்ளை சொல்லட்டும், ஆசிரியர் சொன்னபடியே எழுதட்டும், திருத்தாமல். கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இன்னொரு நன்மையும் உண்டு. தமிழோடு தெலுங்கும் புழங்கும் எல்லை ஊர் இது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் இருக்கின்றன, ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. தன் பிள்ளையின் படத்து அட்டையில் தன் வீட்டு மொழியிலும் ஒரு வரி இருப்பதைப் பார்க்கும் தாய்க்கு, அந்தப் பள்ளி அன்றைக்கு வேறு மாதிரி தெரியும்.

திரைக்குப் பின்னால் காட்டிவிட்டால் வியப்பு போய்விடாதா என்ற கேள்விக்கு நான் அதிக இடம் கொடுக்க மாட்டேன். தெருக்கூத்தில் முகத்தில் அரிதாரம் பூசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள்தான் இரவெல்லாம் கண்விழித்துக் கூத்து பார்க்கிறார்கள்.

தொடங்குவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. பூண்டிக்கு வரும் பள்ளிக் குழுவுக்கு ஒரு காலிப் பேழையையும் ஆற்றோரத்துச் சாதாரணக் கற்கள் பத்தையும் கொடுத்து, நான்கை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தி அட்டை எழுதச் சொல்லலாம். பிறகு உண்மையான பேழைக்கு முன்னால் அழைத்துப் போகலாம். சிப்காட் ஆலைகள் பேக்கிங் பலகையும் அட்டையும் தரலாம், மட்டம் பார்க்கத் தெரிந்த பெற்றோர் ஒருவரை அரைநாள் பள்ளிக்கு அனுப்பலாம். படங்களை வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லிக்கொடுங்கள். ஸ்கெட்ச் பேனாவின் நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். முடிந்ததும் இறக்குகிற வேலையையும் அவர்களிடமே விட வேண்டும், பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு படத்தையும் சேதமில்லை என்று சரிபார்த்து, உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது வரை.