வீடியோ கேமுக்கு வயது முத்திரை குத்துவது யார்? அவர்களைத் தட்டிக் கேட்பது யார்?

நம் ஊரில் சினிமாவுக்கு சென்சார் சான்றிதழ் தருவது அரசு அமைப்பு. அதனால் வீடியோ கேம் அட்டையில் இருக்கும் 'எம்', 'டி' போன்ற எழுத்துகளும் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் இருந்துதான் வருகின்றன என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்காவில் அப்படி இல்லை. அந்த எழுத்தைக் கொடுப்பது 'இஎஸ்ஆர்பி' என்ற தனியார் அமைப்பு. அதை உருவாக்கியதே கேம் நிறுவனங்களின் சங்கம்தான். பிள்ளையின் பரீட்சைப் பேப்பரை அப்பாவே திருத்தலாமா என்ற கேள்விதான் அங்கே 30 வருஷத்துக்கும் மேலாக நடக்கும் சண்டையின் மையம்.

எப்படி ஆரம்பித்தது?

1993 டிசம்பர். ஜோ லீபர்மேன், ஹெர்ப் கோல் ஆகிய செனட்டர்கள் ஒரு விசாரணை நடத்தினார்கள். 'மார்ட்டல் காம்பாட்' கேமில் எதிராளியின் தலையை முதுகெலும்போடு பிடுங்கும் காட்சியும், 'நைட் ட்ராப்' என்ற கேமும்தான் அவர்களைக் கொதிக்க வைத்தன. வேடிக்கை என்னவென்றால், சாட்சி சொல்ல வந்த நின்டெண்டோவும் சேகாவும் ஒருவரை ஒருவர் போட்டுக் கொடுத்தார்கள். நின்டெண்டோ தன் 'மார்ட்டல் காம்பாட்'டில் ரத்தத்தை எடுத்துவிட்டிருந்தது. சேகாவிலோ ஒரு ரகசிய கோட் போட்டால் ரத்தம் தெறிக்கும். அதிகம் விற்றது சேகா வெர்ஷன்தான்!

செனட்டர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான்: நீங்களே ஒரு ரேட்டிங் முறை கொண்டு வாருங்கள், இல்லையென்றால் அரசு கொண்டு வரும். 1994-ல் இஎஸ்ஆர்பி பிறந்தது.

முழுசாக விளையாடிப் பார்ப்பார்களா?

இல்லை. கேம் நிறுவனம் ஒரு படிவத்தை நிரப்பி, கேமில் உள்ள வன்முறை, ஆபாசம், போதைப்பொருள் காட்சிகளை வீடியோவாகத் தொகுத்து அனுப்ப வேண்டும். மதிப்பீட்டாளர்கள் அதைப் பார்த்து ரேட்டிங் தருவார்கள். பல மணி நேரம் ஓடும் கேமை முழுசாக ஆடிப் பார்ப்பது நடைமுறையில் முடியாது என்பது இஎஸ்ஆர்பியின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிறுவனம் எதையாவது காட்டாமல் விட்டால்?

2005-ல் அதுதான் நடந்தது. 'ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்' கேமுக்கு 17 வயதுக்கு மேல் என்பதைக் குறிக்கும் 'எம்' கிடைத்திருந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒருவர் வெளியிட்ட 'ஹாட் காஃபி' என்ற சின்ன மென்பொருளைப் போட்டதும், உள்ளே முடக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு பாலுறவுக் காட்சி திறந்துகொண்டது. ஹேக்கர்கள் செய்த வேலை என்றுதான் ராக்ஸ்டார் நிறுவனம் முதலில் சொன்னது. ஆனால் அந்தக் காட்சி விற்ற டிஸ்கிலேயே இருந்தது. ஜூலை மாதம் ரேட்டிங் 'ஏஓ', அதாவது பெரியவர்களுக்கு மட்டும் என்று மாறியது. பெரிய கடைகள் கேமைத் தூக்கிவிட்டன. டிஸ்கில் மறைந்திருப்பதையும் சொல்லியாக வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது.

கண்காணிப்பு அமைப்புகள் என்ன செய்தன?

இங்கேதான் மினியாபோலிஸ் நகரில் இருந்த 'நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆன் மீடியா அண்ட் தி ஃபேமிலி' வருகிறது. உளவியலாளர் டேவிட் வால்ஷ் 1996-ல் தொடங்கியது. கிறிஸ்துமஸ் ஷாப்பிங் சீசன் வந்தால் போதும், கேம் துறைக்கே மார்க் போட்டு ஒரு ரிப்போர்ட் கார்டு வெளியிடுவார்கள். சிறுவர்களைக் கடைக்கு அனுப்பி 'எம்' கேம் கிடைக்கிறதா என்றும் சோதிப்பார்கள். அவர்களின் முக்கியமான புகார், 'ஏஓ' என்ற பிரிவு பெயருக்குத்தான் இருக்கிறது என்பது. கன்சோல் நிறுவனங்களும் பெரிய கடைகளும் 'ஏஓ' கேமைத் தொடவே மாட்டார்கள். எனவே அந்த முத்திரை வியாபாரத்துக்குச் சாவுமணி. கிட்டத்தட்ட எல்லா வன்முறை கேமும் 'எம்'முக்குள் அடங்கிவிடுகிறது.

கேம் ரசிகர்களுக்கு இந்த அமைப்பைக் கண்டாலே ஆகாது. கேம்தான் குழந்தையைக் கெடுக்கிறது என்ற மிகைப்படுத்தல் அதன் பேச்சில் இருந்ததும் உண்மை. 2009-ல் அது மூடப்பட்டது.

சட்டம் வழியாகவும் முயன்றார்கள். வன்முறை கேமை 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் என்று கலிஃபோர்னியா 2005-ல் சட்டம் போட்டது. கையெழுத்திட்ட ஆளுநர் யார் தெரியுமா? 'டெர்மினேட்டர்' அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர்! 2011-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. புத்தகம், சினிமா போல கேமும் கருத்துச் சுதந்திரத்துக்குள் வரும் என்றது தீர்ப்பு. கிரிம் சகோதரர்களின் தேவதைக் கதைகளிலேயே போதுமான ரத்தம் இருக்கிறதே என்று நீதிபதி ஸ்காலியா சுட்டிக்காட்டினார்.

அப்போ ஜெயித்தது யார்?

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 13 முதல் 16 வயதுள்ளவர்களைத் தனியாகக் கடைக்கு அனுப்பிச் சோதித்தது. 2000-ல் 85 சதவீதம் பேருக்கு 'எம்' கேம் கிடைத்தது. 2011-ல் வெளியான சோதனை முடிவில் அது 13 சதவீதம். அதே சோதனையில் 'ஆர்' ரேட்டிங் படங்களின் டிவிடி 38 சதவீதம் பேருக்குக் கிடைத்திருந்தது. சட்டம் இல்லாமலே இது நடந்தது. கேம் துறை இதைத் தன் சாதனையாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் வருஷா வருஷம் யாராவது மானத்தை வாங்காமல் இருந்திருந்தால் கடைக்காரர் வயதுச் சான்று கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இப்போது பிரச்சினை வேறு. கேம் விற்க அந்தக் கடைக்காரரே தேவையில்லை, டவுன்லோட்தான். பிளே ஸ்டோரில் நாம் இந்தியாவில் பார்க்கும் 3+, 12+, 18+ எல்லாம் 'ஐஏஆர்சி' என்ற சர்வதேச முறையில் வருபவை. கேமை உருவாக்கியவர் ஆன்லைனில் கேள்விகளுக்குப் பதில் சொல்வார், சிஸ்டம் வயதைக் கணக்கிட்டுத் தந்துவிடும். தவறு இருந்தால் பிறகு திருத்தலாம். அவ்வளவுதான்.

ரத்தத்தை விடப் பணம்தான் இன்றைய தகராறு. உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் 'லூட் பாக்ஸ்', பெட்டிக்கடையில் சீட்டுக் கிழிப்பது மாதிரிதான். ஏதாவது ஒன்று நிச்சயம் கிடைப்பதால் இது சூதாட்டம் இல்லை என்று 2017-ல் இஎஸ்ஆர்பி சொன்னது. அடுத்த வருஷமே பெல்ஜியம் சூதாட்டம் என்று அறிவித்தது. 'கேமுக்குள் வாங்கும் வசதி உண்டு' என்ற லேபிளை 2018-ல் இஎஸ்ஆர்பி சேர்த்தது. ஆனால் அந்த லேபிள் வயதைக் கூட்டாது.

2023-ல் வந்த 'ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24' கால்பந்து கேமையே பாருங்கள். அமெரிக்காவில் 'ஈ', அதாவது எல்லோருக்கும். ஐரோப்பாவின் 'பெகி' முறையில் 3+. அந்த வருஷம் முதல் காசு செலவழிக்கத் தூண்டுவதையும் கணக்கில் எடுக்கத் தொடங்கிய ஜெர்மனியில் மட்டும் அதே கேமுக்கு 12+.