உஷார்! பூட்டிவிட்டோம் என்று நம்பிய கதவு

தாராவி 90 அடி ரோட்டை ஒட்டித் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றின் கணக்கும் ஆர்டரும் இருக்கும் லினக்ஸ் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் அதன் ஆத் லாகைத் திறந்தவுடன் பகீரென்றது. 'ஃபெயில்ட் பாஸ்வேர்ட்' என்று வரிவரியாக ஓடுகிறது; ரூட், அட்மின், டெஸ்ட், பேக்கப் என்று பெயர் மட்டும்தான் மாறுகிறது. பட்டறை மேல் யாருக்கும் பகை இல்லை. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் 22-ஆம் போர்ட் திறந்திருக்கிற எந்தச் சர்வரையும் எங்கோ இருக்கும் இயந்திரங்கள் ராப்பகலாகத் தட்டிப் பார்க்கின்றன. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ சர்வர் வைத்திருப்பவர்களே, உங்கள் லாகையும் இன்றே பாருங்கள்.

கணக்கு எழுதும் அக்காவுக்குப் பாஸ்வேர்ட் வேண்டும். பேக்கப் யூசருக்கு வேண்டாம், எஸ்எஸ்ஹெச் சாவி போதும். "அதை எப்பவோ மூடியாச்சு அண்ணே" என்றார் முன்பு இந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்ட தம்பி. செம்பூரில் என் வீட்டு லேப்டாப்பிலிருந்து சாவியைக் காட்டாமல் பேக்கப் பெயரில் நுழைந்து பார்த்தேன். 'பாஸ்வேர்ட்:' என்று கேட்டது!

எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் ஃபைலில் 'மேட்ச் யூசர் பேக்கப்' போட்டு, அடியில் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் நோ' என்று தம்பி சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் 'கீபோர்ட் இன்டராக்டிவ்' என்ற பக்கத்துக் கதவு திறந்தே இருந்தது. அது வழியாக லினக்ஸின் நுழைவுச் சோதனைப் பகுதியான 'பாம்' அதே பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி உள்ளே விட்டுவிடும். அந்த மேட்ச் பகுதியில் இரண்டையும் 'நோ' ஆக்குங்கள். அல்லது அங்கேயே 'ஆதென்டிகேஷன் மெத்தட்ஸ் பப்ளிக்கீ' என்று எழுதிவிடுங்கள்.

இதைவிட வயிற்றைக் கலக்கியது இன்னொன்று. மேட்ச் வரியை அவர் ஃபைலின் நடுவில் செருகியிருந்தார். அடுத்த மேட்ச் வரும்வரை, இல்லையென்றால் ஃபைல் முடியும்வரை, கீழே உள்ள எல்லா வரியும் அந்த ஒரு யூசருக்குத்தான். மூன்று பேர் மட்டும் நுழையலாம் என்று சொல்லும் 'அலவ் யூசர்ஸ்' வரி அதற்குக் கீழே மாட்டிக்கொண்டது. மற்ற எல்லாருக்கும் அந்தக் காவலே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. மேட்ச் எப்போதும் கடைசியில்தான்.

வேலையை விட்டுப் போனவருக்கு 'பாஸ்வேர்ட் லாக்' கட்டளை கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் கவனியுங்கள். பாஸ்வேர்ட் மட்டும்தான் பூட்டப்படும். அவர் சாவி இன்னும் வேலை செய்யும். சாவியை நீக்கி, கணக்கையும் காலாவதியாக்க வேண்டும்.

1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடுபோன பிறகுதான் டாட்டு யுலோனன் எஸ்எஸ்ஹெச்சையே எழுதினார். அப்படிப் பிறந்த கருவியில் பாஸ்வேர்டை அசட்டையாகத் திறந்து வைக்கலாமா? யாராவது நுழைந்துவிட்டால் சும்மா இருக்கவும் முடியாது: நம் நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும், லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

கான்ஃபிக் ஃபைலை மாற்றும்போது, உள்ளே இருக்கும் விண்டோவை மட்டும் மூடிவிடாதீர்கள், வெளியே மாட்டிக்கொள்வீர்கள். 'எஸ்எஸ்ஹெச்டி'யோடு சின்ன 'டி' (-t) கொடுத்துப் பிழை பார்த்து, ரீலோட் செய்து, வேறொரு விண்டோவிலிருந்து நுழைந்து பாருங்கள். நேற்று இரவு மறுபடி சாவியில்லாமல் தட்டினேன். பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை. 'பெர்மிஷன் டினைட், பப்ளிக்கீ' என்று ஒரே வரி.